தொலைநோக்கியும் தொலைநோக்கும்

தோழனே!

வாணியம்பாடியில் வண்டியேறி, ஆலங்காயம் கடந்து, ஜவ்வாது மலையின் மடியிலே காவலூரைக் கண்டிருக்கிறாயா? மரங்களுக்கு நடுவே வெண்ணிறக் குவிமாடம் வானை நோக்கி நிற்கும். அதன் அருகிலே நின்றபோது, உடன் வந்த இயக்கத் தோழன் ஒருவன் கைப்பேசியைக் காட்டிக் கேட்டான்:

"உலகையே உள்ளங்கையில் வைத்துவிட்டதே கூகுள்! இதனினும் சிறந்த தொலைநோக்கு உண்டோ, அண்ணே? மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையன்றோ 2015 முதல் அதன் தலைவர்!"

பெருமை கொள், தோழனே; தடையில்லை. ஆனால், தலைவர் நம்மவர் என்பதற்காகத் தராசைச் சாய்த்துப் பிடிக்கலாமா?

எடை போடுவோம். 2017இல் அந்நிறுவன ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் முறைதான், இன்று உரையாடும் பொறிகளுக்கு அடித்தளம். புரதங்களின் வடிவைக் கணித்தமைக்காக, அதன் டீப்மைண்ட் பிரிவினர் இருவர் 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அங்கே அறிவில்லை என்போர் பொய்யுரைப்போர். நாம் அது கூறோம்.

மறுதட்டையும் பார்! தேடுபொறியின் மூலக்கருத்து, அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணமும் துணைநிற்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர் கண்டது. ஆண்ட்ராய்டு, 2005இல் வாங்கியது. யூடியூப், 2006இல் வாங்கியது. டீப்மைண்டும் 2014இல் வாங்கியதே! கண்டு பிடித்தது சில. காசு கொடுத்துப் பிடித்தது சில!

பிடித்த இடத்தைக் காத்தது எங்ஙனம்? கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முன்னிற்க, 2021 என்னும் ஒரே ஆண்டில் 2,600 கோடி டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைக் காத்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. ஆண்ட்ராய்டு வழக்கிலே, இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் விதித்த 1,337.76 கோடி ரூபாய்த் தண்டத்தை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023இல் உறுதி செய்தது. ஓடி வெல்பவனைப் போற்றுவோம். ஓட்டப் பாதையையே குத்தகைக்கு எடுப்பவனையுமா போற்றுவது?

2016இல் ரயில் நிலையங்களில் இலவச இணையம் தந்தது கூகுள். 400க்கு மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவிற்று. 2020இல் விலகிக்கொண்டது. தொடர்ந்து நடத்தியது யார்? பொதுத்துறையின் ரயில்டெல்! தொலைவில் வாழ்வோர்க்கு வானிலிருந்து இணையம் தரப் புறப்பட்ட 'லூன்' பலூனும், வணிகத்துக்குக் கட்டுப்படியாகாதென்று 2021இல் மூடப்பட்டது. 2023இல் வருவாயில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து பெற்ற நிறுவனம் அது. திறமை உண்டு, தோழனே. ஆனால், அதன் பார்வை கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது!

காவலூரைப் பார்! 1960களில், 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். கிழக்கு ஜெர்மனியிலிருந்து தருவித்த ஒரு மீட்டர் கருவியைக் கொண்டு, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்களுக்குச் சான்று கண்டவர்களுள் இம்மலையினரும் உண்டு. அதோடு அமைந்தாரா வைணு பாப்பு? 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாமே ஆக்குவோம் என்றார். 1982இல் மறைந்தார். 1986 ஜனவரியில் கருவி கண் திறந்தது; அவர் பெயரையே தாங்கிற்று. தான் காணப்போகாத வானத்துக்காக உழைப்பது — அதுவன்றோ தொலைநோக்கு! யுரேனஸின் வளையத்தில் விளம்பரம் ஒட்ட முடியுமா? ஆயினும் மக்கள் பணம் அதற்கு வழி செய்தது.

கூகுளை வெறுக்கச் சொல்லவில்லை. பயன்படுத்து, பல்லக்குத் தூக்காதே! பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு நிதி எங்கே, கணினித் தமிழுக்கு நிதி எங்கே என்று ஆட்சியாளரைக் கேள். ஆள்வது நம்மவரே ஆயினும் கேள்! நம் பிள்ளைகள் கடல் கடந்து தலைவராவது பெருமை. அவர்கள் கற்பனைக்கு இங்கே ஒரு கூடம் இல்லையெனில், அந்தப் பெருமைக்குள்ளே நம் வறுமை ஒளிந்திருக்கிறது, தோழனே!