நொய்டா: புள்ளிவிவரம் காட்டாத பாதுகாப்பு

புது தில்லி: குற்ற வழக்குகள் குறைந்தால் நகரம் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா? கூடாது என்பதற்குத் தில்லியை ஒட்டிய நொய்டாவே சான்று. அங்குள்ள நிதாரியில் குழந்தைகள் அடுத்தடுத்துக் காணாமல் போனபோது, ஏழைப் பெற்றோரின் புகார்களைப் போலீஸார் பொருட்படுத்தவில்லை. 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள் கிடைத்த பிறகே நாடு அதிர்ந்தது.

குழந்தைகள் காணாமல் போனால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும் என 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020-ல் நொய்டாவில் போலீஸ் கமிஷனர் முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால், புலனாய்வுக் குறைபாடுகளால் நிதாரி வழக்குகளில் தண்டிக்கப்பட்ட இருவரும் 2025 நவம்பருக்குள் விடுதலையாகிவிட்டனர். கொன்றது யார் என்பதற்கு விடையில்லை.

வழக்கு எண்ணிக்கை உயர்வதைக் களங்கமாகக் கருதும் போக்கு மாறாதவரை, புகார் மனுக்கள் காவல் நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் அபாயம் நீடிக்கும்.