கொழுப்பு யாருக்கு?

"அவனுங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு." சேரியில் பிறந்த எவனும் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. வெளுத்த சட்டை போட்டால் கொழுப்பு. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் கொழுப்பு. கூலியை எண்ணி வாங்கினால் கொழுப்பு. இப்போது எனக்கு நிஜமாகவே கொழுப்பு. ஈரலில். ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

"குடிப்பீங்களா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். சீட்டில் இருந்த முகவரியைப் பார்த்தார். "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்றார். மூன்றாம் முறை என் மனைவியிடம் கேட்டார். சாராயத்தைத் தொடாதவன் ஈரலிலும் கொழுப்பு படியும். சர்க்கரை நோய், தொப்பை, உட்கார்ந்தே பார்க்கும் வேலை போதும். அவர் படித்த பாடம்தான் இது. குடியை வைத்தே நோயை அடையாளம் சொல்வது சரியில்லை என்று 2023இல் உலக ஈரல் மருத்துவர்கள் நோயின் பெயரையே மாற்றினார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெயர்கள் மாறுகின்றன. முகவரியைப் பார்க்கும் கண் மாறவில்லை.

அதே ஆஸ்பத்திரி அதே வாரம் புது மருந்துச் சோதனைக்கு என்னை அழைத்தது. ஒப்புதல் படிவம் இருபது பக்கத்துக்கு மேல். "எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல சார், கடைசிப் பக்கத்துல போடுங்க." என் சொல்லை நம்பாத இடத்துக்கு என் கையெழுத்து மட்டும் எதற்கு?

"நாம என்ன சோதனை எலியா? கிழிச்சுப் போட்டுட்டு வா" என்றார் தோழர் ஒருவர். அவர் கோபத்துக்கு வரலாறு உண்டு. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள். பெற்றோர் இருக்க, விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது.

ஆனாலும் தோழரோடு நான் முரண்படுகிறேன். இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ரெஸ்மெடிரோம், 2024இல். அந்தச் சோதனையில் 966 பேர் விலாவில் ஊசி ஏற்று ஈரல் துணுக்கைக் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 26 முதல் 30 பேருக்கு ஈரல் வீக்கம் தணிந்தது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் சுமார் 10 பேருக்கு. யாரோ உடம்பைக் கொடுத்துத்தான் இந்தக் கணக்கு வந்தது. நம் உடம்பு அந்தக் கணக்குக்கு வெளியே நின்றால் நம் நோய் யாருக்கும் தெரியாது. பிரச்சினை சோதனை அல்ல. கையெழுத்து.

கையெழுத்து என்றால் எனக்குத் தெரியும். வங்கிக் குமாஸ்தா நான். குழுக்கடனுக்கு வரும் நம் பெண்களிடம் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கைநாட்டு வாங்கியவன். எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து பெஞ்சில் நகராட்சிக் குப்பை அள்ளும் அக்கா ஒருவர். விரலில் மை தடவியாகிவிட்டது. படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. சாட்சி எங்கே என்றேன். "நீங்களே போட்டுடுங்க சார்." போடவில்லை. உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஊசி, மருந்தில்லாத மாத்திரை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமை, எல்லாம். அக்கா கேட்டார்: "அது சரி தம்பி, மாத்திரை ஒத்துக்கிச்சின்னா முடிஞ்ச பொறவும் குடுப்பாங்களா, காசு குடுத்து வாங்கிக்கன்னுடுவாங்களா?" பட்டம் படித்த எனக்குத் தோன்றாத கேள்வி. அங்கே எவரிடமும் பதில் இல்லை. "பதில் வரட்டும்" என்று மையைத் துடைத்துக்கொண்டார். நானும் பேனாவை மூடினேன்.

செத்தால் என்ன தருவார்கள் என்பதையும் தேடிப் படித்தேன். 2019ஆம் ஆண்டு விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணாலும் உடல்நிலைக்கான எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். ஆரோக்கியமானவனுக்கு உடல்நிலை எண் 4. லேசான ஆபத்தில் இருப்பவனுக்கு 3, நடுத்தரம் 2, அதிக ஆபத்து 1, ஆறு மாதத்தில் சாகப்போகிறவனுக்கு 0.5. வயது ஒன்றாக இருந்தாலும் எட்டில் ஒரு பங்கு. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவன் யார்? லீவு கிடைக்காதவன், பஸ் காசு இல்லாதவன், மூன்று முறை "குடிப்பியா" என்று கேட்டு விரட்டப்பட்டவன். சாதி என்ற சொல்லே இல்லாத சூத்திரம் சாதியைச் சரியாகக் கணக்குப் போடுகிறது.

தோழர்களே, மாணவர்களே, படிவத்தைக் கிழிக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துவாருங்கள். தெருவில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் யார் என்று கேளுங்கள். அந்த நாற்காலியில் நம் அக்காவை ஏன் உட்கார வைக்கக் கூடாது என்றும் கேளுங்கள்.

எட்டு நாளாகிறது. பதில் வரவில்லை. கையெழுத்தும் போகவில்லை. "கொழுப்பைப் பாரு" என்று அங்கே பேசிக்கொள்வார்கள்.

ஆமாம். ஸ்கேனிலேயே இருக்கிறதே.