லிவ்வும் லீவும்



மீள்குடியேறிய கிராமமொன்றில் நடந்த மாதர் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு அலுவலர் ஒருவர் வந்திருந்தார். மொழிபெயர்க்க நான் இருந்தேன். ஆனால் குழுவிலுள்ள அக்கா ஒருவர், தானே நாலு சொல் ஆங்கிலத்தில் பேசவேண்டுமென்று மகளின் கொப்பியைப் பார்த்துப் பாடமாக்கி வந்திருந்தார். எழுந்து நின்று, "ஐ லீவ் ஹியர்" என்றார். இங்கே வசிக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தார். வந்தவருக்கோ, இங்கிருந்து போகிறேன் என்று கேட்டது. "எங்கே போகிறீர்கள்? எப்போது?" என்று அவர் ஆங்கிலத்தில் விசாரித்தார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் திரும்பி, "பிள்ளை, திரும்பவும் எங்களை எழும்பச் சொல்லுகினமோ?" என்றார். 2010இல் ஊர் திரும்பும்வரை அவர் எத்தனை இடங்களில் பாய் விரித்தவர் என்பதை நான் அறிவேன்.

'லிவ்' குறில், வசிப்பது. 'லீவ்' நெடில், விட்டுப் போவது. பாடசாலைக்கு 'லீவு' என்கிறோமே, எழுத்திலும் ஒலியிலும் அதே சொல்தான்.

நான் சமூகவியல் படித்தவள், ஆங்கில ஆசிரியை அல்ல. நானும் இதில் தடுமாறியவள்தான். தமிழில் 'கி', 'கீ' என்று எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்திலோ ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துகள் ஏறத்தாழ இருபது உயிரொலிகளைச் சுமக்கின்றன. ஆகவே எழுத்துகளைச் சோடி சேர்க்கிறார்கள். இரண்டு ஈ சேர்ந்து வந்தால் பெரும்பாலும் நெடில்: 'ஷீப்', 'ஃபீல்'. ஈயும் ஏயும் சேர்ந்தாலும் பல இடங்களில் அப்படியே: 'சீற்', 'லீவ்'. ஆனால் 'பிரெட்' அதே சோடியோடு குறிலாக நிற்கும்!

சொல்லின் கடைசியில் வரும் ஈ பெரும்பாலும் ஒலிக்காது. முன்னுள்ள உயிரை மாற்றும். 'பின்' என்பதோடு ஈ சேர்ந்தால் 'பைன்'. இந்த 'ஐ' ஒலியைத்தான் பாடப்புத்தகங்கள் நெடில் என்கின்றன. நமக்கு இது புதினமாகத் தோன்றும். முன்னொரு காலத்தில் அது 'ஈ' என்றே ஒலித்தது. 'நேம்' என்ற சொல்லும் அப்போது ஏறக்குறைய 'நாமெ'. 1400க்கும் 1700க்கும் இடையில் ஒலிகள் நகர்ந்தன. 1476இல் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பின்னர் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. அந்தச் சுமை இன்று நம் பிள்ளைகளின் தலையில்.

அக்காவை ஏமாற்றியதும் அந்தக் கடைசி ஈதான். 'லிவ்' என்பதிலும் அது உண்டு, ஆனால் அங்கே வேலை செய்யாது. ஆங்கிலச் சொற்கள் 'வீ' எழுத்தில் முடிவது அரிது என்பதால் வெறும் துணைக்கு நிற்கிறது. 'கிவ்', 'ஹாவ்' என்பவையும் அப்படியே. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்புக்கு அதே நான்கு எழுத்துகளையே 'லைவ்' என்று வாசிக்கிறோம்.

நீட்டினால் மட்டும் போதாது. நெடிலுக்கு உதட்டை இருபுறமும் இழுங்கள். குறிலுக்கு நாக்கைத் தளரவிடுங்கள். 'சிற்', 'சீற்', 'ஃபில்', 'ஃபீல்'. விண்ணப்பத்தை நிரப்புவது முதலாவது சொல், மனதில் உணர்வது மற்றது. அடுப்படியில் நின்றே பிள்ளைகளோடு சொல்லிப் பார்க்கலாம்.

அன்று கூட்டம் முடிந்ததும் அக்கா அந்த அலுவலரிடம் தானே போனார். "ஐ லிவ் ஹியர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் ஓ எழுத்தைப் பார்ப்போம்.