குட்டி முயல் வீட்டிற்கு வந்தால்...



மாநகரத்து அடுக்குமாடி வீட்டில் நாயை உலாவ அழைத்துச் செல்ல நேரமில்லை. பறவைக் கூண்டு மாட்ட இடமில்லை. ஆகவே பிள்ளைகள் செல்லப்பிராணி கேட்டு அடம்பிடிக்கும்போது மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வாழும் நம்மவர் பலர் முயல்குட்டியைத் தெரிந்துகொள்கின்றனர். அது குரைக்காது, உள்ளங்கையில் அடங்கும், அதிக விலையுமில்லை. ஆனால் வாங்கி வந்த ஒரு வாரத்திற்குள் அட்டைப்பெட்டியில் விறைத்துக் கிடக்கும் குட்டியைப் பார்த்துப் பிள்ளை தேம்பி அழும் வீடுகளும் உண்டு. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்பார்கள். உண்மையில் நேற்றே அது நன்றாக இல்லை. தன் வேதனையை வெளியே காட்டவில்லை, அவ்வளவே.

முயல் பிற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. சோர்ந்து கிடப்பதையே நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும். எனவே நோவை மறைத்துக்கொள்வது அதன் இயல்பாகிவிட்டது. அழுது சொல்லத் தெரியாத இந்த ஜீவனின் குறையை நாம் கண்ணால்தான் கேட்கவேண்டும். முயல் வளர்ப்பின் முதற்பாடம் இதுவே.

எந்த வயதில் வாங்கலாம்?

முயல்குட்டி உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கிறது. ஏறக்குறைய 10 நாட்களில் கண் திறக்கிறது. மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வந்து புல்லைக் கொறிக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் பார்ப்பதற்கு மிக அழகாயிருக்கும். ஆனால் அதன் குடல் இன்னும் முதிர்ச்சியடையவில்லை. எட்டு வாரம் நிறையும்வரை தாயோடு இருப்பதே நல்லது. முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டிகள் வயிற்றுப்போக்கினால் எளிதில் இறந்துபோகின்றன.

விற்பவரிடம் வயதைக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிடில் வாங்காதீர்கள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன, அதையும் விசாரியுங்கள். வயலிலோ புதரிலோ பிடிக்கப்பட்ட காட்டு முயலை ஒருபோதும் வாங்கலாகாது. அது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் பிராணி.

தூக்கும் முறை

காதைப் பிடித்துத் தூக்குவது நம்மிடையே வெகுகாலமாக உள்ள தவறான பழக்கம். முயலின் காது நரம்பும் இரத்தக்குழாயும் நிறைந்த மென்மையான உறுப்பு. உடலின் பாரத்தைத் தாங்க உண்டானதன்று. முயலின் எலும்புகளும் மிக இலேசானவை. பின்னங்கால் தசைகளோ வலிமை மிக்கவை. பயந்து உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே ஒரு கையை மார்பின் கீழ் கொடுங்கள். மறு கையால் பின்பாகத்தை முழுவதும் தாங்குங்கள். உடனே உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கக் கிடத்தும்போது அது அசையாமலிருப்பது சுகத்தினால் அன்று, அச்சத்தினால்.

சிறு பிள்ளைகள் முயலைத் தூக்கவே வேண்டாம். தரையில் சம்மணமிட்டு அமரட்டும். முயல் தானாக அருகில் வரட்டும். நெற்றியையும் கன்னத்தையும் மெல்ல வருடட்டும். வந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் அதைத் தொடாமல், புதிய வீட்டின் ஓசைக்கும் மணத்திற்கும் பழக விடுவது மேலானது. குளிப்பாட்டவும் கூடாது. நனைந்த குட்டி குளிராலும் அதிர்ச்சியாலும் இறந்துபோகலாம். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்திவிடுங்கள்.

உணவு

படப்புத்தகங்களில் முயலின் கையில் எப்போதும் கேரட் இருக்கும். ஆனால் கேரட்டில் சர்க்கரை அதிகம். அது எப்போதாவது ஒரு துண்டு தரவேண்டிய தின்பண்டமே. முயலின் அன்றாட உணவு உலர்ந்த புல். இரவும் பகலும் அது தட்டில் குறையாமல் இருக்கவேண்டும். முயலின் பற்கள் வாழ்நாளெல்லாம் வளர்ந்துகொண்டேயிருக்கும். புல்லை அரைத்து மெல்லும்போதுதான் அவை தேயும். அதன் நார்ச்சத்தே குடலையும் இயங்கச் செய்கிறது. வளரும் குட்டிக்கு உலர்ந்த குதிரைமசாலும் நல்லது.

விற்பவர் கொடுத்துவந்த தீவனத்தைக் கேட்டறிந்து முதலில் அதையே கொடுங்கள். பின்பு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கொத்தமல்லி, புதினா போன்ற பச்சிலைகளைப் பன்னிரண்டு வாரத்திற்குப் பின், ஒரு நேரத்தில் ஒரு வகையாக, நன்கு கழுவி, சிறிதளவே பழக்குங்கள். சோறு, ரொட்டி, பிஸ்கட், பசும்பால், வெங்காயம், பூண்டு, சாக்லெட் ஆகியவை வேண்டாம். சுத்தமான தண்ணீர் கனமான கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே உண்பதைக் கண்டு அருவருத்துத் தடுக்காதீர்கள். ஒருமுறை குடலைக் கடந்த உணவிலுள்ள சத்துக்களை மறுபடியும் பெறுவதற்கான இயற்கையின் ஏற்பாடு அது.

இருப்பிடமும் வெயிலும்

கம்பித்தளமுள்ள கூண்டு பாதத்தைப் புண்ணாக்கும். பாய் அல்லது கனத்த துணி விரியுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். நாள்தோறும் சில மணி நேரம் அறைக்குள் ஓட விடுங்கள். அதற்குமுன் மின்கம்பிகளைக் கண்டிப்பாக மறைத்துவிடுங்கள்; முயல் கொறிக்காமல் விடாது.

குளிரைவிட வெப்பமே முயலுக்குப் பெரிய பகை. அதற்கு வியர்ப்பதில்லை, பெரும்பாலும் காதின் வழியாகவே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. டெல்லியின் மே மாதத்தில் பால்கனியில் வைக்கப்பட்ட முயல் பிழைப்பது அரிது. வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள்; தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால், அதன்மேல் சாய்ந்து இளைப்பாறும். மும்பையின் மழைக்காலத்திலோ ஈரமான உரோமத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தினமும் பின்பாகத்தைப் பாருங்கள்.

தாமதம் கூடாத அடையாளங்கள்

காலையில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள்: தட்டில் புல் குறைந்திருக்கிறதா? புதிய புழுக்கை விழுந்திருக்கிறதா? உண்ணாமலும் புழுக்கையிடாமலும் அரை நாள் கழிந்தால் குடல் நின்றுபோயிருக்கலாம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டாலும், தலை ஒருபக்கம் சாய்ந்தாலும், பல்லை நறநறவென்று கடித்தபடி கூனிக்குறுகி அமர்ந்தாலும், நாளைவரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவருக்கு முயலைப் பார்த்துப் பழக்கமுண்டா என்பதை முயல் வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். மும்பை பரேலிலும் பெங்களூர் ஹெப்பாளிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பலருக்கும் தெரிந்தவை, அங்கே விசாரிக்கலாம்.

வீட்டிலுள்ள மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மனிதருக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் வாய்வழியே சென்றால் முயலைக் கொன்றுவிடக்கூடும். நாயின் உண்ணிக்கு இடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷமே.

வாங்கும் முன் ஒரு கேள்வி

நன்கு பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளிலும் அது வீட்டில் இருக்கும். ஆணும் பெண்ணுமாக இரண்டை வாங்கினால் ஆறு மாதத்திற்குள் குட்டிகள் பெருகத் தொடங்கும்; கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கான செலவையும் எண்ணிப்பாருங்கள். கோடை விடுமுறைக்கு நாம் ரயிலேறி ஊருக்குப் போகும் மூன்று வாரங்கள் இதற்குப் புல் வைப்பவர் யார்? பதில் இல்லையெனில் பிள்ளையிடம் அன்போடு "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள். அந்த மறுப்பும் ஓர் உயிரைக் காக்கும் செயலே.

பதில் உண்டெனில், பொறுப்பு பெரியவர்களாகிய உங்களுடையதாயிருக்கட்டும். பிள்ளை உங்களுக்கு உதவியாளனாக இருக்கட்டும். காலையில் எழுந்தவுடன் தட்டையும் புழுக்கையையும் பார்த்து உங்களிடம் வந்து சொல்லும் வேலையை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். பேசத் தெரியாத ஒன்றின் தேவையை உற்றுப்பார்த்து அறியும் பிள்ளை, வீட்டில் சோர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தையும், வகுப்பில் தனித்து அமர்ந்திருக்கும் தோழனின் முகத்தையும் நாளை கவனிக்கக் கற்றுக்கொள்ளும்.