பசை போட்டு ஒட்டிய ஆயுசு

கையில் செல்போன் இருக்கிறது. அதில் படிக்கலாம், எழுதலாம், கச்சேரி கேட்கலாம், கடிதம் பார்க்கலாம். அப்படியிருக்க டாப்லெட் எதற்கு என்றால், "திரை பெரிது" என்கிறார்கள். டாப்லெட்தான் வந்துவிட்டதே, மின்புத்தகக் கருவி வேறு எதற்கு என்றால், "கண்ணுக்கு இதம்" என்கிறார்கள். இரண்டும் வாஸ்தவந்தான். மூன்றையும் வாங்கி வைத்திருப்பவர் ஒரே வேலைக்கு மூன்று ஆளை அமர்த்திச் சம்பளம் கொடுக்கிறார் என்பதும் வாஸ்தவந்தான்.

இந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிற நண்பர்கள் உண்டு. நாவல் எழுதுகிறவனிடம் இதையெல்லாம் கேட்பானேன் என்று நான் சொல்வதில்லை. கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிற வியாதி எனக்கு உண்டு. திரை எத்தனை அங்குலம், காமிரா எப்படி, கனம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். பாட்டரி செத்துப் போனால் மாற்ற முடியுமா என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! வீடு வாங்கப் போகிறவர் வில்லங்கம் பார்க்காமல் சுவரின் வெள்ளையை மெச்சிவிட்டு வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லித்தியம் அயான் பாட்டரியை 1991-ல் ஸோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அருமையான சரக்கு. அதற்கு வழி வகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது தேய்கிற பொருள். சுமார் 500 தடவை நிறைத்துக் காலி செய்தால் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உஷ்ணம் அதற்கு எமன். நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உபயோகிக்காமல் வைத்தாலாவது பிழைக்குமா என்றால் அதுவும் இல்லை. காலியான நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மறுபடி உயிர் பெறாமலே போகலாம். மூன்று கருவி வாங்கியவர் வீட்டில் ஒன்று உழைத்துச் சாகிறது, மற்றவை தூங்கிச் சாகின்றன.

தேய்கிற பொருளைத் தேய்ந்தபின் மாற்றுவதுதானே உலக வழக்கம்? டார்ச் லைட்டுக்குக் கட்டை மாற்றுகிறோம், செருப்புக்கு வார் மாற்றுகிறோம். 2003-ல் வந்த நோக்கியா 1100 போனில் நகத்தால் மூடியைத் தள்ளினால் பாட்டரி கையில் வந்து விழும். பிஎல்-5சி என்று அதற்குப் பெயர். பல மாடல்களுக்கு அது ஒன்றே பொருந்தியது. அந்தக் கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014-ல் மூடப்பட்டது; பாட்டரி மட்டும் இன்னும் கடைகளில் கிடைக்கிறது! 2007-ல் வந்த முதல் கிண்டிலில்கூடப் பின்மூடியைக் கழற்றிப் பாட்டரியை மாற்றலாம். 2009-ல் இரண்டாவது வந்தபோது மூடியே போய்விட்டது.

ஏன் மூடினீர்கள் ஐயா என்றால், மெல்லிசாகச் செய்வதற்கு என்கிறார்கள். தண்ணீர் புகாமலிருப்பதற்கு என்கிறார்கள். மெல்லிசு சரி. தண்ணீர்க் கதையை நான் நம்பமாட்டேன். 2014-ல் வந்த சாம்ஸங் காலக்ஸி எஸ்5 தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்று விற்கப்பட்டது; அதன் பின்மூடியை விரலால் பிரித்துப் பாட்டரியை மாற்றவும் முடிந்தது. மறு வருஷமே வந்த எஸ்6-ல் பாட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். அதில் தண்ணீர்க் காப்பும் இல்லை!

2017 டிசம்பரில் நடந்தது இதைவிட ருசியானது. பாட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். இருக்கட்டும். அதைச் சொல்லிவிட்டல்லவா செய்திருக்க வேண்டும்? கூச்சல் எழுந்தபின் பாட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறங்கியது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களுக்கு 29 டாலர் மருந்து போதுமாயிருந்திருக்கும்.

என் வீட்டு டாப்லெட் ஒன்றின் பாட்டரி நாலாம் வருஷம் உப்பித் திரையைத் தூக்கியது. விற்றவர்கள், "பாட்டரி மட்டும் தருவதில்லை சார், புதிது வாங்கினால் தள்ளுபடி உண்டு" என்றார்கள். ரிச்சி தெருவில் ஒரு பையன் சூடு காட்டிப் பசையை இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கினான். "விரிசல் விட்டா நான் பொறுப்பில்லை சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். நியாயந்தான். பசை போட்டவன் அவனில்லையே.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் இதற்குச் சட்டம் செய்தது. கையடக்கக் கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18-ஆம் தேதியைக் கெடுவாகக் குறித்தது. போனுக்கும் டாப்லெட்டுக்கும் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்: 1000 தடவை சார்ஜ் ஏற்றியபின்னும் 80 சதவிகிதம் மிஞ்சி, தண்ணீரும் புகாதிருந்தால் விலக்கு உண்டு. அதையாவது சாதிக்கட்டும்! நம் மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையத்தில் ஒரு வாசல் திறந்தது. வாசல் திறந்தது, பாட்டரி மூடிதான் திறக்கவில்லை.

ஆகவே, யோசனை கேட்கிற நண்பர்களுக்கு: போன் எப்படியும் வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால், நாவல் படிக்கிறவர்கள் மின்புத்தகக் கருவியை வாங்குங்கள். வாரக்கணக்கில் ஒரு முறைதான் சார்ஜ் கேட்கும், ஆகையால் மெதுவாகத் தேயும். மூன்றாவது வேண்டாம். எதை வாங்கினாலும் பணத்தை எடுக்கும் முன், "பாட்டரி மாற்ற என்ன செலவு, யார் மாற்றுவார்கள்?" என்று கேளுங்கள். கடைப் பையன் திருதிருவென்று விழிப்பான். விழிக்கட்டும். ஒரே நாளில் பத்துப் பேர் கேட்டால் முதலாளியிடம் போய்ச் சொல்வான்.