பழசாக்கின கத்தி

புதுக் கத்தியைச் சின்னக் கற்களோட போட்டு உருட்டி, பழசு மாதிரி ஆக்கி விற்கிறார்கள். ஸ்டோன்வொஷ். ஜீன்ஸுக்குச் செய்யிற அதே வேலைதான். நாங்கள் முதலில் இதை ஏமாத்து எண்டுதான் நினைச்சம். இல்லை. ஏற்கெனவே கீறல் நிறைஞ்ச அலகில், பாவிக்கேக்க விழுற கீறல் தெரியாது, நல்லதுதானே.

எங்கட கோபம் வேற இடத்தில். டமாஸ்கஸ் அலகைப் பெரிக்குளோரைட்டில் தோய்த்தால் காபன் உருக்குக் கறுக்கும், நிக்கல் கலந்த உருக்கு வெளிறி நிற்கும். அந்த வரிகள் கொல்லர் அடுக்கி, மடிச்சு அடிச்ச உழைப்பு. அமிலம் அதை வெளியில காட்டுது, அவ்வளவுதான். அதே வரியை ஒற்றை உருக்கில் லேசரால் கீறி 'டமாஸ்கஸ்' எண்டு விற்கிறது களவு. தேய்ச்சுப்போட்டுத் திரும்பத் தோய்த்தால் உண்மையான வரி வரும், லேசர் வரி வராது. ஆனால் காசு குடுத்த பிறகுதானே தேய்க்கலாம்! அதால, வாங்க முதலே என்னென்ன உருக்கு எண்டு கேட்கிறம்.