மண்ணினுள் ஓர் எண்ணெய்ச் செக்கு

தமிழாசிரியன் ஒருவன் விழா மலரிற் பூஞ்சணத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் என்னை இப்பொருளுக்கு ஈர்த்தது தமிழேயாம். எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர்த் தேங்காயின் நெய்க்கும் வேம்பின் நெய்க்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. நிலத்தடி எண்ணெயினின்று வடித்தது மண்ணெண்ணெய் எனப்பட்டது. இன்று மண்வாழ் பூஞ்சணத்தின் நெய்யும் அப்பெயர்க்கு உரித்தாகிவிட்டது.

யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழக அறிஞர் 1980களில் மண்ணுயிர்களை ஆராய்ந்து, மோட்டியரெல்லா அல்பினா என்னும் பூஞ்சணம் அரக்கிடோனிக் அமிலம் செறிந்த எண்ணெயை ஆக்குவதைக் கண்டனர். இவ்வமிலம் தாய்ப்பாலில் இயல்பாகவே உள்ளது. வெல்லம் மிகுந்து நைதரசன் அருகும்பொழுது இப்பூஞ்சணம் எஞ்சிய உணவை எண்ணெய்த் துளிகளாக்கித் தன் இழைகளிற் சேமிக்கின்றது. அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாதலும் உண்டு. இவ்வெண்ணெயைக் குழந்தைப் பால்மாவிற் சேர்ப்பதற்கு ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2001 இல் மறுப்புக் கூறாது இசைந்தது.

பூஞ்சணக் குலத்தில் எண்ணெயை உண்பனவும் உள. மண்ணில் வாழும் அமோர்போதேக்கா ரெசினே என்பதற்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சணம் என்றே பெயர். அது விமானத்தின் எரிபொருட்டாங்கியினுட் புகுந்து, அடியிற் றங்கிய நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே தழைத்து, வடிகளை அடைத்து, அலுமினியத்தையும் அரிக்கும். தேங்கிய நீரை அவ்வப்போது அகற்றுதலே முதற் காப்பாகும்.

ஒன்றை நண்பன் என்போம். மற்றதைப் பகைவன் என்போம். அவையோ தத்தம் தொழிலையே செய்கின்றன. அவற்றால் எமக்கு விளையும் நன்மையும் தீமையும் எம் அறிவையும் அறியாமையையும் பொறுத்தனவே.

ஈண்டு ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் இயலாது. எம் மாணவர் பூஞ்சணத்தின் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பர். அதன் இழையைக் கண்ணாற் கண்டோர் மிகச் சிலரே. எடுத்துக்காட்டின்றி இலக்கணம் புகட்டிய குற்றம் எனக்கும் உண்டாதலின் பிறரைப் பழித்தற்கில்லை. எனினும் பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுவேன். விழா நினைவாக அலங்கார வளைவு அமைத்தல் மகிழ்ச்சிக்குரியதே. அச்செலவில் நுணுக்குக்காட்டிகள் சில வாங்கித் தரலாகாதா? கல்லூரித் தோட்டத்து மண்ணை ஈரப் பாண் துண்டொன்றிற் சிறிது தூவி மூடிவைத்தாற் சில நாளில் இழைகள் படரும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. அதனைக் காண்பதற்கே கருவி வேண்டும்.

வளைவின் கீழ் மாணவர் நடந்து செல்வர். நுணுக்குக்காட்டியின் முன்னரோ அவர் நின்று நோக்குவர். நின்று நோக்கும் மாணவரை ஆக்குதலன்றோ கல்லூரியின் கடன்!